குலசிங்கத்தாரின் பிராணவாயு

என் தங்கை புஷ்பவதியைக் கட்டிய குலசிங்கத்தார் தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது "எனக்கு விளங்கேல்லை" என்று சொன்னதை நான் கேட்டதில்லை. விஷயம் எவ்வளவுக்கு விளங்கவில்லையோ அவ்வளவுக்குப் பலமாகத் தலையை ஆட்டுவார். ஒரு செருமல் செருமி, மீசை நுனியை விரலால் ஒதுக்கி, "விளங்கிச்சுது" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே இங்கிலீசிலும் சிங்களத்திலும் உத்தியோகம் பார்த்துப் பென்சனும் எடுத்துவிட்டார். திருகோணமலையில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை என்று நீங்கள் சொல்லலாம். பஞ்சமில்லைத்தான். ஆனால் அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதற்காக உயிரை விடப் பார்த்தவர் எனக்குத் தெரிய இவர் ஒருவர்தான்.

நான் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை. கலியாணம் கட்டவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று நாங்கள் இருக்கிற லிங்கநகரில் சொல்லுவார்கள். சொல்லட்டும். என் வாய் நீளமாக இருந்ததால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. குலசிங்கத்தாரின் வாய் கேட்கவேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டதால்தான் இந்தக் கதையே நடந்தது.

சுதந்திரம் கிடைத்த புதிதில் அவர் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் கடற்படை டொக்யார்ட் பண்டகசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். இளந்தாரி, நல்ல உயரம், வெள்ளைக் காற்சட்டையை மடிப்புக் குலையாமல் போடத் தெரிந்தவர். அதைப் பார்த்துத்தான் எங்கள் அப்பா மயங்கினார். ஒருநாள் புறப்பட ஆயத்தமாக நின்ற ஒரு கப்பலுக்கு மிதவைப் பட்டிகள், அதுதான் கடலில் விழுந்தால் உயிரைக் காப்பாற்றும் பட்டிகள், கொடுத்தனுப்பச் சொல்லி வெள்ளைக்கார அதிகாரி கட்டளை போட்டான். "விளங்கிச்சுதோ?" என்று அவன் இங்கிலீசில் கேட்க, இவர் "யெஸ் சேர்" என்றார். 'பெல்ட்' என்ற சொல் மட்டும்தான் இவருக்குப் பிடிபட்டது. இடுப்பில் கட்டுகிற தோல் பட்டி பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குப் போனது. அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தானாம். இவர் விறைப்பாக நின்ற நிலையைப் பார்த்து, ஆளை வீட்டுக்கு அனுப்ப மனம் வராமல் விட்டுவிட்டானாம். இதைக் குலசிங்கத்தாரே பெருமையாகச் சொல்லுவார். அவர் சொல்லும்போது பிழை விட்டவன் வெள்ளைக்காரனாக இருப்பான்.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனான். சிங்களத்தில் கதைக்கிற மேலதிகாரி வந்தார். அவர் நல்ல மனிதர் என்றுதான் கேள்வி. இவரைக் கூப்பிட்டு, சீனன்குடாவில் காட்டுக்குள் இருக்கிற எண்ணெய்க் குதங்களில், அதுதான் எண்ணெய் சேமிக்கிற பெரிய தாங்கிகளில், காவலுக்குப் பொறுப்பான ஆள் இல்லை, போக விருப்பமா, விருப்பமில்லாவிட்டால் சொல்லலாம் என்று விளக்கமாகக் கேட்டிருக்கிறார். முடிவில் "தேருணாத?" என்றாராம். விளங்கியதா என்று அர்த்தம். அந்தப் பாஷையில் இவருக்குத் தெரிந்த ஒரே மறுமொழி "தேருணா மாத்தயா." பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பாயசம் வைக்கச் சொன்னார். மற்றக் கிழமையே குரங்குகளுக்கும் துருப்பிடித்த தாங்கிகளுக்கும் நடுவில் ஒரு கொட்டில். பென்சன் எடுக்கும்வரை அங்கேதான் இருந்தார். விளங்கவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் டொக்யார்ட்டில் நிழலில் இருந்திருப்பார்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. புஷ்பவதிக்கு உலகத்தில் இருந்ததெல்லாம் அந்த மீசைதான். இந்த மனிதனிடம் என்னத்தைக் கண்டாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவளிடமே கேட்டும் இருக்கிறேன். "நல்ல மனிசன், அக்கா" என்பாள். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் வராது.

பென்சன் எடுக்கிறதற்குக் கொஞ்சம் முன்னரே அவருக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியிருந்தது. வலி இல்லை. சில நாள் போகும், பிறகு தானாகவே நின்றுவிடும். மூலம் என்று அவரே தீர்மானித்தார். கருணைக்கிழங்கு தின்றார். பிரண்டைத் துவையல் தின்றார். ஆள் வரவர வெளிறி, வாசல் படலையில் இருந்து விறாந்தைக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. இரத்தம் போகிற இடம் வாய்விட்டுச் சொல்லக்கூடாத இடமாகப் போய்விட்டதே! மூக்கிலிருந்து வந்திருந்தால் ஊர் கூடியிருக்கும். கீழே இருந்து வந்ததால் மானம் முன்னுக்கு வந்து நின்றது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, கடைத்தெருவில் பாயிஸின் கடை வாசலில் அவர் மயங்கி விழுந்தார். பாயிஸ் அவரோடு எண்ணெய்க் குதத்தில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு இரும்புச் சாமான் கடை போட்டவர். காற்சட்டை முழுக்க இரத்தம். பாயிஸ் ஒரு லொறியை மறித்து ஆளைத் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கேதான் டொக்டர் கனகரத்தினம் காத்துக்கொண்டிருந்தார்.

காத்துக்கொண்டிருந்தார் என்று நான் சொல்வது சும்மா அல்ல. கனகரத்தினம் சீமையில் படித்துவிட்டு வந்த சத்திரசிகிச்சை நிபுணர். வரும்போது அங்குள்ள ஏதோ ஆஸ்பத்திரி கழித்துவிட்ட ஒரு மெஷினையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இரத்தத்தில் ஒட்சிசன், அதுதான் நாங்கள் மூச்சோடு உள்ளே இழுக்கிற வாயு, எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற மெஷின். அவருக்கு ஓர் ஆராய்ச்சி இருந்தது. அது இதுதான்: இதயத்திலிருந்து நாடி வழியே போகிற இரத்தத்தில் ஒட்சிசன் நிறைய இருக்கும். குடலுக்கு அதைக் கொடுத்துவிட்டு நாளம் வழியே திரும்புகிற இரத்தத்தில் குறைந்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். சிலருக்குப் பெருங்குடலின் சுவரில் நாடியும் நாளமும் கோணல்மாணலாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது இரத்தம் குடலுக்கு ஒன்றும் கொடுக்காமல் குறுக்கு வழியால் நேரே திரும்பிவிடும். வீட்டுக்கு வரவேண்டிய குழாய்த் தண்ணீர் நேரே வாய்க்காலுக்குப் போகிற மாதிரி. அப்படிப்பட்ட குழாய்கள் மெல்லியவை, அடிக்கடி வெடித்து இரத்தம் கசியும். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, எந்தப் பக்கத்து நாளத்தில் ஒட்சிசன் அளவுக்கு மிஞ்சி இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் குடல்தான் பழுது, அதை வெட்டி எடுத்தால் ஆள் பிழைப்பார் என்பது கனகரத்தினத்தின் எண்ணம். நல்ல எண்ணம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவர் குலசிங்கத்தாரின் வயிற்றைத் திறந்தார். வெளியில் ஒரு பிழையும் தெரியவில்லை. வலப்பக்க நாளத்தில் கொஞ்சம், இடப்பக்க நாளத்தில் கொஞ்சம் என்று இரத்தம் எடுத்து ஐஸில் வைத்து மெஷினுக்கு அனுப்பினார். மெஷின் சூடாகிக்கொண்டிருக்கும்போது கறண்ட் போய்விட்டது. சீமைச் சாமான், எங்கள் ஊர்க் கறண்டோடு அதற்குக் கதை பேச்சு இல்லை. இதற்கிடையில் நோயாளியின் பிறஷர் இறங்க, மயக்க மருந்து கொடுத்தவர் மூடச் சொல்லிக் கத்தியிருக்கிறார். மூடித் தைத்துவிட்டார்கள். கறண்ட் வந்து கணக்கு வந்தபோது வலப்பக்க இரத்தத்தில் ஒட்சிசன் எக்கச்சக்கம். கனகரத்தினம் குழந்தைப் பிள்ளை மாதிரித் துள்ளினார் என்று ஒரு நேர்ஸ் சொன்னாள். நோயாளி இன்னும் மயக்கத்தில் கிடந்தார்.

ஆள் கண் விழித்துக் கஞ்சி குடிக்கத் தொடங்கியதும் டொக்டர் வந்து கட்டிலடியில் நின்றார். நோயாளிகளுக்குத் தமிழில் விளங்கப்படுத்துகிற டொக்டர் என்று அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு பெரிய அபிப்பிராயம். ஆனால் வைத்தியம் முழுக்க அவர் இங்கிலீசில் படித்தவர். தமிழ் விஞ்ஞானம் என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் தகப்பனார் வாய்ப்பாடம் சொல்லிக்கொடுத்த பழங்காலத்துச் சொற்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒட்சிசன் என்று படிப்பித்து ஒரு தலைமுறையே பாஸ் பண்ணிப் போய்விட்டது. அது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற புஷ்பவதி எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"உங்கட வருத்தத்தைக் கண்டுபிடிச்சிட்டன். உங்கட பெருங்குடல்ல பிராணவாயு கூடிப்போச்சு."

"வாயு?" என்று குலசிங்கத்தார் கேட்டார்.

"ஓம். பிராணவாயு. இருக்கவேண்டிய அளவைவிடச் சரியான கூட. வலப்பக்கத்திலதான் கூட. அதுதான் இரத்தம் போறதுக்குக் காரணம். உடம்பு தேறினாப் பிறகு வாங்கோ, அந்தத் துண்டை எடுத்துவிடுவம். விளங்கிச்சுதோ?"

குலசிங்கத்தார் செருமினார். மீசையை ஒதுக்கினார். "விளங்கிச்சுது, டொக்டர். எனக்கு அப்பவே தெரியும்."

டொக்டருக்குச் சந்தோஷம். இப்படி ஒரு விபரமான நோயாளி தனக்கு இதுவரை வாய்த்ததில்லை என்று நேர்ஸிடம் சொல்லிக்கொண்டு போனாராம். என்ன விபரம்! ஒருவர் இரத்தத்தில் கலந்த ஒட்சிசனைச் சொன்னார். மற்றவர் வயிற்றில் கடமுடா என்று உருளுகிற வாய்வைக் கேட்டார். இரண்டு பேரும் ஒரே பாஷையில் கதைத்தார்கள், இரண்டு பேருக்கும் பூரண திருப்தி.

வீட்டுக்கு வந்ததும் குலசிங்கத்தார் கதிரையைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் அமர்ந்து வந்தவர்களுக்கெல்லாம் செய்தி சொன்னார். "சீமையில இருந்து மெஷின் கொண்டுவந்து பாத்தவை. கடைசியில என்னவாம்? வாய்வாம்! நான் இதைக் கருணைக்கிழங்கு தின்னேக்கையே சொன்னனான்." மூலம் என்று சொன்ன வாயாலேயே இப்போது வாய்வு என்றார். ஊரும் ஒரு கண்வெட்டில் மாறிவிட்டது. நேற்றுவரை மூலத்துக்கு மருந்து சொன்னவர்கள் இன்றைக்கு உள்ளிப்பூண்டும் இஞ்சியும் பெருங்காயமுமாகப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். ஒருத்தி ஓமத் தண்ணீர் காய்ச்சிப் போத்தலில் கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் வாய்வுக்கு மருந்து தெரியாத மனிதர் இன்னும் பிறக்கவில்லை. பருப்பை நிறுத்து, பலாப்பழத்தை நிறுத்து, கிழங்கை நிறுத்து என்று ஆளுக்கொரு பக்கம் நிறுத்தி, இரத்தம் இல்லாமல் வெளிறிப்போன அந்த மனிதனுக்குத் தின்ன ஒன்றும் இல்லாமல் பண்ணினார்கள். நிலாவெளியிலிருந்து நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரி அருளம்பலம் பஸ்ஸில் வந்து நாடி பிடித்துப் பார்த்து, டொக்டர் சொன்னது சரிதான், வாய்வு வலப்பக்கத்தில்தான் முடிச்சுப் போட்டிருக்கிறது என்று உறுதி சொன்னார். ஒரு குடிநீரும் ஒரு லேகியமும் தந்தார். வெட்டத் தேவையில்லை, கலைத்துவிடலாம் என்றார்.

புஷ்பவதி என்னிடம் வந்து பிராணவாயு என்ற சொல்லைச் சொன்னபோது எனக்குத் தலையில் இடி விழுந்தது. நேரே குலசிங்கத்தாரிடம் போனேன்.

"டொக்டர் சொன்னது வாய்வு இல்லை. ஒட்சிசன். அது இரத்தத்துக்குள்ள இருக்கிறது. உங்கட இரத்தக் குழாய் பழுது. வெட்டாட்டி ஒருநாளைக்கு அது வெடிச்சு நீங்கள் செத்துப்போவீங்கள்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மச்சாள், நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது வேற. இது என்ட குடல். டொக்டர் எனக்கு முகத்துக்கு நேர சொன்னவர். நீங்கள் அங்க நிண்டனீங்களோ?"

"நிக்கேல்லை. ஆனா..."

"நிண்ட எனக்கு விளங்கிச்சுது. நிக்காத உங்களுக்கு எப்பிடி விளங்கும்?"

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. டொக்டரையே கூட்டிக்கொண்டு வருவோம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் இல்லை. ஆராய்ச்சியைப் பெரிய சபையில் வாசிக்கச் சீமைக்குப் போய்விட்டாராம், எப்போது வருவார் என்று தெரியாதாம். குலசிங்கத்தாரின் கணக்கு விமானம் ஏறிவிட்டது, குலசிங்கத்தார் லிங்கநகரில் இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பதிலுக்கு வந்திருந்த டொக்டர் என்னிடம் இங்கிலீசில் "மூலமா?" என்று கேட்டார். நான் வந்த வழியே திரும்பினேன்.

கொஞ்ச மாதம் இரத்தம் போகவே இல்லை. அந்த வருத்தத்தின் குணமே அதுதான், தானாக வரும், தானாக நிற்கும். ஆனால் பேர் பரியாரிக்கும் உள்ளிக்கும் போனது. குலசிங்கத்தார் ஏப்பம் விட்டால்கூட அதைப் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லுவார். வேறு விதமாகப் போனாலும் சொல்லுவார். வெட்கம் என்பது அந்த வீட்டில் இரத்தத்துக்கு மட்டும்தான்.

பிறகு ஒருநாள் அவர் கடைக்குப் போய்க் கடும் சிவப்பில் இரண்டு சாரம் வாங்கிவந்தார். வாழ்க்கையில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் உடுத்தாத மனிதர். காலையில் யாரும் எழும்ப முதல் கிணற்றடிக்குப் போய்த் தானே தோய்த்தார். புஷ்பவதி ஒருநாள் எழும்பிப் போய்ப் பார்த்தால் கிணற்றடித் தண்ணீர் சிவப்பாக ஓடுகிறது.

"என்னது இது?"

"புதுச் சாரம். சாயம் போகுது" என்றாராம்.

அவள் என்னிடம் வந்து குசினி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கலியாணம் கட்டின நாளிலிருந்து நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. "அக்கா, இந்த மனிசன் செத்துப்போனால் எனக்கு ஆர் இருக்கினம்?" என்றாள். நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்டது அதை அல்ல என்று தெரிந்ததால் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தேன். அன்றைக்கு எனக்கு அந்த ஆளின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சாகிறதென்றால் தன்பாட்டில் சாகலாம், இவளையும் ஏன் சாகடிக்கிறார்?

பெரிய இரத்தப் போக்கு எண்பதாம் ஆண்டு மாரி தொடங்கும்போது வந்தது. கக்கூசுக்குள் விழுந்து கிடந்தவரைப் பாயிஸும் நானும் கதவை உடைத்துத் தூக்கினோம். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். பாயிஸும் கையை நீட்டி இரத்தம் கொடுத்தார். நல்ல காலம், கனகரத்தினம் சீமையால் வந்துவிட்டிருந்தார். குலசிங்கத்தாரைக் கண்டதும் பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி அவருக்கு முகம் மலர்ந்தது.

"நான் சொன்னனானெல்லே, பிராணவாயு கூட எண்டு? ஏன் வரேல்லை? இப்ப உடன வெட்டவேணும்."

தலையணையிலிருந்து தலையைத் தூக்கக்கூட ஏலாத மனிதர் மீசையைத் தொட்டார். "வாயுவுக்கு மருந்து எடுக்கிறன், டொக்டர். வெட்ட விருப்பமில்லை."

"வெட்டாட்டி ஆபத்து. விளங்கிச்சுதோ?"

"விளங்கிச்சுது. வேண்டாம்."

டொக்டர் வெளியே வந்தார். "நான் என்ன செய்யிறது? விளங்கித்தான் மறுக்கிறார். நோயாளியின்ர விருப்பம்" என்று கைகளை விரித்தார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்தே அவரைப் பிடித்துக்கொண்டேன். பிராணவாயு என்று எந்த நூற்றாண்டுத் தமிழ் கதைக்கிறீர்கள், அந்த ஆள் தனக்கு வயிற்றுப் பொருமல் என்று நினைத்துக்கொண்டு கிடக்கிறார், உங்கள் மெஷினைவிட ஒரு வாய்ச்சொல் சரியாக வந்திருந்தால் போதும் என்று, வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். டொக்டரின் முகம் கறுத்தது. "ரீச்சர், நான் எவ்வளவோ நோயாளிகளுக்குத் தமிழில விளங்கப்படுத்தின ஆள். இது ஆஸ்பத்திரி, உங்கட வகுப்பறை இல்லை" என்று நடக்கத் தொடங்கினார். நான் செய்தது அவ்வளவுதான். உள்ளே நோயாளி மறுத்துக்கொண்டு கிடந்தார், வெளியே டொக்டர் கோபித்துக்கொண்டு போனார்.

புஷ்பவதி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சத்தம் போட்டுக் கதைக்கவே தெரியாதவள்.

"டொக்டர், கோவிக்காதேங்கோ. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள் சொல்லுற வாயு எங்க இருக்கு? வயித்துக்குள்ளையோ, இரத்தத்துக்குள்ளையோ?"

டொக்டர் நின்றார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லைப் போலும். "இரத்தத்துக்குள்ள அம்மா. வயித்துக்குள்ள எண்டு ஆர் சொன்னது?"

"அப்ப உள்ளி திண்டா அது போகாதோ?"

"உள்ளியோ?" என்றார் டொக்டர். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என் முழுப் பேச்சாலும் உள்ளே போகாதது அந்த ஒரு உள்ளியால் போய்விட்டது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். "நான் போய் அவருக்குச் சொல்லுறன், அவர் பிழையா விளங்கிக்கொண்டிட்டார் எண்டு" என்று திரும்பினார்.

"வேண்டாம்" என்றாள் புஷ்பவதி. "பிழையா விளங்கினது எண்டு சொன்னீங்களெண்டால் அவர் செத்தாலும் ஓம் எண்டு சொல்ல மாட்டார். நான் சொல்லுறன்."

நானும் பின்னால் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"இஞ்சருங்கோ, டொக்டர் இப்பதான் சொன்னவர். நீங்கள் சொன்னதுதான் சரியாம். வாயுதானாம்."

கண்ணைத் திறந்தார்.

"அவருக்குத்தான் முதல்ல வடிவா விளங்கேல்லையாம். அந்த வாயு இரத்தக் குழாய்க்குள்ள போய் நிண்டிட்டுதாம். பரியாரியிட மருந்து நல்ல மருந்துதானாம், ஆனா அங்க போய்ச் சேராதாம். குழாயை எடுத்தால்தான் போகுமாம். வலப்பக்கம் எண்டு நீங்களும் சொன்னனீங்கள்தானே?"

"நான் அப்பவே சொன்னனான்."

"ஓம், சொன்னனீங்கள்."

"அந்தாளை வரச்சொல்லு" என்றார்.

டொக்டர் வந்தார். சாகக் கிடந்த குலசிங்கத்தார் பெரிய மனது பண்ணி, கையைத் தூக்கி டொக்டரின் கையைத் தட்டிக்கொடுத்தார். "பரவாயில்லை, டொக்டர். ஆருக்கும் பிழை வாறதுதான். செய்யுங்கோ." டொக்டர் வாயைத் திறந்தார். புஷ்பவதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். டொக்டர் வாயை மூடிக்கொண்டார். சீமையில் படித்த அந்த மனிதர் எனக்குத் தெரியச் செய்த புத்தியான காரியம் அது ஒன்றுதான்.

வலப்பக்கக் குடலை வெட்டி எடுத்தார்கள். கொழும்புக்கு அனுப்பிப் பார்த்ததில் டொக்டர் சொன்ன கோணல் குழாய்கள் அப்படியே இருந்தனவாம். ஆராய்ச்சி வென்றுவிட்டது. அதன்பிறகு இரத்தம் போகவில்லை. மீசை மறுபடி கறுத்தது, அதற்குக் காரணம் மை என்றாலும் மற்றதெல்லாம் உண்மையான சுகம்தான். வெள்ளைக்குத் திரும்பினார். சிவப்புச் சாரம் இரண்டும் குசினிக்குக் கைபிடித்துணியாகப் போயின.

இனிமேலாவது வாயை அடக்குவார் என்று நான் நினைத்தேன். எங்கே! சீமை டொக்டருக்குத் தான் வைத்தியம் சொல்லிக்கொடுத்த கதை லிங்கநகரைத் தாண்டி நிலாவெளி பஸ் வரைக்கும் போய்விட்டது. போன வருஷம் ஒரு பின்னேரம் நான் போயிருந்தபோது விறாந்தையில் பாயிஸும் இன்னும் சிலரும் இருந்தார்கள். "மெஷின் இருந்து என்ன, மூளையெல்லே வேணும்? வாயு குழாய்க்குள்ள நிக்குது, வெட்டும் காணும் எண்டு நான்தான் சொன்னனான்" என்று குலசிங்கத்தார் முழங்கிக்கொண்டிருந்தார். கதவை உடைத்துத் தூக்கிய, இரத்தமும் கொடுத்த பாயிஸ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளே பற்றி எரிந்தது.

குசினிக்குள் போனேன். புஷ்பவதி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள்.

"உன்ட மனிசன் அங்க கதைக்கிறது கேக்குதோ?"

"கேக்குது."

"நீ இல்லாட்டி இண்டைக்குச் சாம்பலாப் போயிருப்பார். அது அவருக்குத் தெரியுமோ? ஒரு நாளாவது சொன்னனீயோ?"

"ஏன் சொல்லவேணும்?"

"ஏனோ? ஊர் முழுக்க இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டு திரியிறார். நீயும் பக்கத்தில நிண்டு ஓம், ஓம் எண்டு தலையாட்டுறாய். உனக்கு வெக்கமா இல்லையோ?"

அவள் கேத்திலைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன், கோபப்படவில்லை.

"அவருக்குத் தான் சொன்னது சரியா இருக்கவேணும், அக்கா. எனக்கு அவர் இருக்கவேணும். ரெண்டு பேருக்கும் கிடைச்சுதுதானே?"

அவள் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனாள்.